ஐம்பது பெண்கள் என்னும் எண்: இந்தியச் சட்டங்களில் குழந்தைக் காப்பகமும் அதன் செலவும்

முன்னுரை

அகத்திணை மரபில் நற்றாயோடு செவிலியும் கூற்றுக்குரிய மாந்தருள் ஒருத்தியாக அமைகிறாள். தலைவியை வளர்ப்பவள் அவளே. தோழியை அச்செவிலியின் மகளாகத் தொல்காப்பியம் காட்டுகிறது. பெற்றவள் ஒருத்தியாகவும் வளர்ப்பவள் வேறொருத்தியாகவும் இருக்கும் இவ்வமைப்பு, குழந்தை வளர்ப்பு என்பது அன்பு மட்டுமன்று, ஒருவர் நாள்தோறும் செய்ய வேண்டிய உழைப்பும் ஆகும் என்பதை உணர்த்துகிறது. வசதியுடைய மனைகள் அவ்வுழைப்பைத் தம் இல்லத்திற்குள்ளேயே பெற்றன. தாயும் கூலிக்கு உழைக்கச் செல்லும் குடும்பங்களில் அதனை யார் செய்வது, அதன் செலவை யார் ஏற்பது என்னும் வினா, ஆலைத் தொழிலும் தோட்டத் தொழிலும் பெருகிய பின்னரே இந்தியாவில் அரசின் முன் வந்தது. அவ்வினாவுக்குக் கடந்த நூறாண்டுகளில் சட்டங்களும் அரசுத் திட்டங்களும் அளித்த விடைகளை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆலையும் அபினும்

1920களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் பெண்கள் பெருந்தொகையினராகப் பணிபுரிந்தனர். கைக்குழந்தைகளை உடையோருக்கு இருந்த வழிகள் மிகச் சில. குழந்தையை வீட்டில் முதியவரிடமோ மூத்த பிள்ளையிடமோ விட்டுச்செல்லலாம். அல்லது பஞ்சுத் தூசியும் இயந்திரங்களும் நிறைந்த ஆலைக்குள் உடன் கொண்டுசெல்லலாம். இரு நிலையிலும் குழந்தை அழாமல் உறங்குவதற்காகச் சிறிதளவு அபின் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. 'பாலகோலி' என்னும் பெயரில் அதற்கென உருண்டைகளே விற்கப்பட்டன. ஆலைப் பெண்களின் நிலையை ஆராய்ந்த பெண் மருத்துவர்களும் தொழிலாளர் துறை அலுவலர்களும் இதனைப் பதிவு செய்துள்ளனர். காப்பகம் இல்லாமையின் விலையைக் குழந்தையின் உடலே செலுத்தியது எனலாம்.

1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை அளித்த இந்தியத் தொழிலாளர் நிலை குறித்த அரச ஆணையம், பெண்களை மிகுதியாக அமர்த்தும் தொழிற்சாலைகளில் குழந்தைக் காப்பகம் அமைய வேண்டும் என்று பரிந்துரைத்தது. இதனைத் தொடர்ந்து 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தொழிற்சாலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென ஓர் அறை ஒதுக்குமாறு விதி வகுக்க மாகாண அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. 'ஐம்பது பெண்கள்' என்னும் எண் இந்தியச் சட்டத்திற்குள் நுழைந்தது இவ்வாறே.

1928: எழுப்பப்பட்ட வினா

செலவை ஏற்பவர் யார் என்னும் வினா இதற்கு முன்பே பம்பாய்ச் சட்டமன்றத்தில் எழுப்பப்பட்டிருந்தது. ஆலைப் பெண்களுக்கு மகப்பேற்று உதவி வழங்கும் மசோதா 1928இல் விவாதிக்கப்பட்டபோது, அச்சுமை தொழிலை நசுக்கிவிடும் என்னும் எதிர்ப்புத் தோன்றியது. மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாய்க்குப் பேறுகாலத்தின் முன்னும் பின்னும் ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே உரியது என்றும், மக்கள் நலனைக் காத்தல் அரசின் கடமையாதலால் அச்செலவில் பெரும்பங்கு அரசைச் சார்ந்தது என்றும் ஒப்புக்கொண்டார். அதே வேளையில், பெண்ணைப் பணியமர்த்துவதால் முதலாளியும் பயன்பெறுவதால் அவரும் தம் பங்கைச் செலுத்துவதே முறை என்று வாதிட்டார்.

இவ்வாதத்தில் இரு கூறுகள் உள்ளன. முதலாளியின் பொறுப்பு ஒன்று. அரசின் பொறுப்பு மற்றொன்று. 1929இல் நிறைவேறிய பம்பாய்ச் சட்டமும் 1934இல் வந்த சென்னை மாகாணச் சட்டமும் முதற்கூற்றை மட்டுமே ஏற்றன. உதவித்தொகை முழுவதையும் முதலாளி செலுத்தினார். அரசு மேற்பார்வையாளராக நின்றது. குழந்தைக் காப்பகம் குறித்த சட்டங்களும் இதே வழியைப் பின்பற்றின.

எண்ணிக்கை வரம்பின் வரலாறு

விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. எனினும் 'ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள்' என்னும் வரம்பு அதில் தொடர்ந்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை முப்பதாகக் குறைத்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் ஆகியவற்றிலும் ஐம்பது என்னும் எண் இடம்பெற்றது. ஒப்பந்தத் தொழிலாளர் தொடர்பான 1971ஆம் ஆண்டு மத்திய விதிகள் இருபது பெண்கள் என்று வரையறுத்தன.

எண்கள் வேறுபடினும் இவற்றின் அடிப்படை ஒன்றே. குழந்தைக்குத் தாயும் தந்தையும் உண்டு. சட்டமோ தாயரை மட்டுமே எண்ணியது. ஆயிரம் ஆண்கள் பணிபுரியும் ஆலைக்கு அவர்தம் குழந்தைகளின் பொருட்டு எக்கடமையும் எழவில்லை. ஐம்பத்தொன்றாம் பெண் சேரும்போதே எழுந்தது. இதனால் காப்பகச் செலவு, குழந்தையை உடைய தொழிலாளர் அனைவருக்குமான செலவாக இல்லாமல், பெண்ணைப் பணியமர்த்துவதற்கான கூடுதல் செலவாகக் கணக்கிடப்பட்டது. வரம்பிற்குக் கீழே பெண்களின் எண்ணிக்கையை நிறுத்திக்கொள்ளும் முதலாளி சட்டத்தை மீறியவர் ஆகார். பெண்ணுக்குத் துணையாக இயற்றப்பட்ட விதியே அவளை வேலைக்கு அமர்த்தாமைக்கும் காரணமாகக்கூடும் என்னும் முரண் இவ்வமைப்பிலேயே பொதிந்திருந்தது.

பீடித் தொழில் இம்முரணைத் தெளிவாகக் காட்டுகிறது. காப்பகக் கடமை தொழிற்கூடத்தைச் சார்ந்தது. ஆனால் நெல்லை முதல் முர்ஷிதாபாத் வரை பீடி சுற்றும் பெண்களிற் பெரும்பாலோர் தம் வீட்டுத் திண்ணையிலேயே அத்தொழிலைச் செய்கின்றனர். இலையும் தூளும் வீட்டிற்கு வருகின்றன. சுற்றிய பீடி திரும்பிச் செல்கிறது. தொழிற்கூடம் இல்லாதபோது அதில் அமைய வேண்டிய காப்பகமும் இல்லை. ஒரு கையால் குழந்தையை மடியில் அணைத்துக்கொண்டு தொழில் செய்யும் பெண், சட்டத்தின் எண்ணிக்கையில் எங்கும் இடம்பெறவில்லை.

இதற்கு மாறாக, அசாம், நீலகிரி, மூணாறு முதலிய தேயிலைப் பகுதிகளில் காப்பகம் ஓரளவு நிலைபெற்றது. குடும்பமாகத் தொழிலாளரை அழைத்துவந்து தோட்டத்திற்குள்ளேயே குடியமர்த்திய முறையும், கொழுந்து பறித்தலில் பெண்ணுழைப்பு இன்றியமையாததாக இருந்தமையும் இதற்குக் காரணங்களாகலாம். 1981ஆம் ஆண்டுத் திருத்தம், பெண் தொழிலாளரின் குழந்தைகள் இருபதின்மர் இருந்தாலே காப்பகம் அமைய வேண்டும் என்று விதித்தது. தாயரை எண்ணிய சட்டம் குழந்தைகளையும் எண்ணத் தொடங்கியமை இதில் குறிப்பிடத்தக்க மாற்றமாகும்.

அரசு ஏற்ற பங்கு

1969இல் தில்லியில், காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமானப் பணி நடைபெற்ற இடத்தில், சித்தாள் வேலை செய்த பெண்களின் குழந்தைகள் புழுதியிலும் வெயிலிலும் கிடந்ததைக் கண்ட மீரா மகாதேவன், அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரெச்சஸ்' என்னும் அமைப்பு இவ்வாறு தோன்றியது. பணியிடம் மாறும்போது காப்பகமும் உடன் செல்ல வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. முன்பள்ளிப் பருவக் குழந்தைகளின் வளர்ச்சி குறித்து மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு 1972இல் அறிக்கை அளித்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது.

உணவு, தடுப்பூசி, முன்பள்ளிக் கல்வி ஆகியவற்றை அங்கன்வாடி வழங்கியது. எனினும் அது நாளில் சில மணி நேரமே இயங்கியது; மையத்திற்கு வந்து தங்கிய குழந்தைகளும் பெரும்பாலும் மூன்று வயதைக் கடந்தவர்களே. காலையில் வயலுக்குச் சென்று மாலையில் திரும்பும் தாய்க்கு, நண்பகலில் வீடு திரும்பும் குழந்தை குறித்த கவலை தீரவில்லை. அத்திட்டம் குழந்தையின் ஊட்டத்தை நோக்கியது. தாயின் வேலைநேரத்தை நோக்கவில்லை.

வேலைக்குச் செல்லும் தாயரின் குழந்தைகளுக்கெனத் தன்னார்வ நிறுவனங்கள் வழி காப்பகம் நடத்தும் மத்திய அரசுத் திட்டமும் 1975இலேயே தொடங்கியது. 2006இல் இது ராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டமாகவும், 2017இல் தேசியக் காப்பகத் திட்டமாகவும் மாற்றியமைக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு நெறிமுறையின்படி வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள குடும்பம் ஒரு குழந்தைக்கு மாதம் 20 ரூபாய் செலுத்தினால் போதும்; ஏனையோர் வருமானத்திற்கேற்ப 100 அல்லது 200 ரூபாய் செலுத்த வேண்டும். குடும்பத்தின் மீது விழுந்த கட்டணம் சிறிதே. ஆயின் காப்பகப் பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாயும் உதவியாளருக்கு 1,500 ரூபாயுமே மதிப்பூதியமாக வகுக்கப்பட்டன. அதே ஆண்டில் நிதிப்பொறுப்பு மத்திய அரசு 60, மாநில அரசு 30, தன்னார்வ நிறுவனம் 10 விழுக்காடு எனப் பகிரப்பட்டது. 2010களின் தொடக்கத்தில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டிருந்த காப்பகங்கள் 2020 அளவில் ஏழாயிரத்துக்கும் கீழே குறைந்தன. 2022இல் இத்திட்டம் 'பால்னா' என்னும் பெயரில் மீண்டும் சீரமைக்கப்பட்டு, 17,000 அங்கன்வாடிகளைக் காப்பகத்துடன் இணைக்கும் இலக்கு வகுக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் 2005ஆம் ஆண்டுத் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் தனித்து நிற்கிறது. பணியிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவர் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி, அவருக்கும் கூலி வழங்க வேண்டும் என்று அது விதித்தது. மண் வெட்டுவதும் குழந்தையைக் காப்பதும் ஒரே கூலிக்குரிய வேலைகள் என்னும் கருத்து இங்குச் சட்டவடிவம் பெற்றது. பணியிடங்களில் இவ்விதி முழுமையாகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்பது உண்மையே. ஆயினும் கொள்கை அளவில் இது பெரியதொரு முன்னேற்றமாகும். 2023இல் கர்நாடக அரசு இத்தகைய தொழிலாளரின் குழந்தைகளுக்காக 4,000 கிராம ஊராட்சிகளில் 'கூசின மனெ' என்னும் காப்பகங்களை அறிவித்தது.

கணக்கில் வராத செலவு

சட்டமும் திட்டமும் எட்டாத இடத்தில் செலவு மறைந்துவிடுவதில்லை, அது கைமாறுகிறது. தம்பியை இடுப்பில் சுமந்தபடி பள்ளிவாசலில் நின்று திரும்பும் மூத்த பெண்ணின் கல்வியாகவும், முதுமையிலும் ஓய்வு காணாத பாட்டியின் உழைப்பாகவும், வேலையை விட்டு நிற்கும் தாயின் இழந்த கூலியாகவும் அது மாறுகிறது. 2019ஆம் ஆண்டுத் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டாரைப் பராமரிக்கும் ஊதியமில்லாப் பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடங்களும், ஆண்கள் 76 நிமிடங்களும் செலவிட்டனர்.

தமிழில் 'ஆயா' என்னும் சொல் இங்கு எண்ணத்தக்கது. சில வட்டாரங்களில் அது பாட்டியைக் குறிக்கும் உறவுப்பெயர். போர்த்துகீசியத்திலிருந்து வந்த வழக்கில் கூலிக்குக் குழந்தை பார்ப்பவரைக் குறிக்கும். இரு பொருளும் ஒரே ஒலியில் கலந்திருப்பது போலவே, காப்பகப் பெண்ணின் பணியும் உறவின் கடமைக்கும் ஊதியத்திற்குரிய தொழிலுக்கும் இடையில் நிறுத்தப்பட்டுள்ளது. அங்கன்வாடிப் பணியாளர் அரசுப் பதவி வகிப்போர் ஆகார் என்று 2006இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022இல் அந்நீதிமன்றமே அவர்களுக்குப் பணிக்கொடை உரியது என்று கூறியது. அரசுத் திட்டங்களின் செலவு குறைவாகத் தோன்றுவதற்கு, இப்பெண்களின் குறைந்த மதிப்பூதியமும் ஒரு காரணமாகும்.

மீண்டும் அதே வினா

2017ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டத் திருத்தம் விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கி, தாய் நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைக் காண உரிமை அளித்தது. இங்கு எண்ணப்படுவோர் பெண்கள் மட்டும் அல்லர். ஆண், பெண் ஆகிய இருபாலாரும் எண்ணப்படுகின்றனர். நெடுநாளைய பிழை ஒன்று இதனால் திருத்தம் பெற்றது. எனினும் விடுப்புக்கால ஊதியம், தொழிலாளர் காப்பீட்டில் சேராத பெண்களைப் பொறுத்தவரை, முழுமையாக முதலாளியின் பொறுப்பாகவே நின்றது. அச்சுமையால் பெண்கள் வேலை இழப்பர் என்னும் அச்சம் எழுந்தபோது, ஏழு வார ஊதியத்தை முதலாளிகளுக்கு அரசே ஈடுசெய்யும் முன்மொழிவு ஒன்றை மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 2018இல் வெளியிட்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட அரசின் பங்கு, இவ்வாறு மீண்டும் பேசப்படலாயிற்று.

மாற்றுவழி ஒன்று முன்பே இருந்தது என்பதும் நினைவிற்குரியது. 1948ஆம் ஆண்டு ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின்கீழ் ஆண், பெண் எனப் பாராது எல்லாத் தொழிலாளர்க்காகவும் பங்களிப்புச் செலுத்தப்படுகிறது. மகப்பேற்று உதவி அப்பொது நிதியிலிருந்து வழங்கப்படுகிறது. ஒரு பெண்ணை அமர்த்துவதால் அங்கு முதலாளிக்குத் தனிச்சுமை இல்லை. இம்முறை குழந்தைக் காப்பகத்திற்கு நீட்டிக்கப்படவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பழைய சட்டங்கள் பலவற்றின் இடத்தைப் பெற்றன. ஐம்பது என்னும் எண் அவற்றிலும் தொடர்கிறது.

முடிவுரை

இந்தியாவில் குழந்தைக் காப்பகத்தின் வரலாறு, பெரும்பாலும் யாரை எண்ணுவது என்பதன் வரலாறாகவே அமைந்துள்ளது. பெண்களை எண்ணிய சட்டங்கள் செலவைப் பெண்ணின் வேலைவாய்ப்போடு பிணைத்தன. தொழிலாளர் அனைவரையும் எண்ணிய சட்டம் அப்பிணைப்பைத் தளர்த்தியது. ஆயினும் பெரிய நிறுவனத்திற்கு வெளியே நிற்கும் வயற்கூலிப் பெண்ணையும் வீட்டுவேலைப் பெண்ணையும் பீடி சுற்றும் பெண்ணையும் அது அடையவில்லை. குழந்தைகளை எண்ணிய தோட்டச் சட்டத் திருத்தமும் ஊரக வேலைச் சட்டமும் மட்டுமே தேவையைத் தேவை உள்ள இடத்திலேயே கண்டன. தாய் எங்கு வேலை செய்கிறாள், அவளோடு எத்தனை பெண்கள் வேலை செய்கின்றனர் என்று வினவாமல், குழந்தை இருக்கிறது என்பதையே காப்பகத்திற்குரிய தகுதியாகக் கொள்ளும் சட்டம் ஒன்று வரும்போதே 1928இல் எழுப்பப்பட்ட வினாவின் இரண்டாம் கூற்றுக்கு முழுமையான விடை கிடைக்கும்.