விடையும் வழியும்

இரு கோடுகளுக்கு இடைப்பட்ட பரப்பைக் காணும் கணக்கு உயர்தர வகுப்பு மாணவர்க்குப் பழக்கமானதே. மேலுள்ளதிலிருந்து கீழுள்ளதைக் கழி, எல்லைகளை இடு, தொகையிடு. விடை வந்துவிடும். ஆனால் இவ்வழி மனிதகுலத்தின் கைக்கு வந்து, தவறிப்போய், மீண்டும் கிட்டிய வரலாற்றை நாம் கற்பிப்பதில்லை.

கி. மு. 3ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சைரக்கியூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ், நேர்கோடொன்று வெட்டிய பரவளைவுத் துண்டின் பரப்பு, அதே அடியும் உயரமும் கொண்டு அதனுள் அமையும் முக்கோணத்தின் பரப்பைப்போல் 4/3 மடங்கு என நிறுவினார். அவ்வுண்மையை அவர் முதலிற் கண்டது கற்பனைத் தராசிலேயாகும். துண்டை மெல்லிய கோடுகளாகக் கருதி, ஒவ்வொன்றையும் முக்கோணத்தின் கோடுகளோடு நிறுத்துப் பார்த்தார். இது கண்டறியும் வழியேயன்றி நிறுவல் அன்று என்பதை அவர் அறிவார். ஆகவே கேத்திரகணித நிறுவலைத் தனியே எழுதினார். எனினும் வழியை ஒளித்தாரல்லர். பின்வருவோர் அதனாற் புதியன காண்பர் என நம்பி, அலெக்சாந்திரியாவிலிருந்த எரத்தோஸ்தெனீசுக்கு எழுதியனுப்பினார்.

கி. மு. 212இல் நகரம் உரோமர் வசமானபோது ஒரு போர்வீரன் அவரைக் கொன்றான். நிறுவல்கள் நிலைத்தன, வழியைக் கூறிய நூலோ மறைந்தது. 10ஆம் நூற்றாண்டுப் பிரதியொன்று எஞ்சியிருந்தது. 1229இல் அத்தோலேட்டின் எழுத்தும் நீக்கப்பட்டு, அதன்மேல் பிரார்த்தனை நூல் எழுதப்பட்டது. 1906இல் டென்மார்க்கு அறிஞர் ஹைபேர்க் அதனைக் கொன்ஸ்தாந்திநோபிளிற் படித்தறிந்தார்.

இதற்கிடையில் ஐரோப்பா அதே பாதையைப் புதிதாக வெட்டவேண்டியதாயிற்று. 1613இல் மதுப்பீப்பாய் வாங்கிய கெப்ளர், வணிகன் ஒரு கோலை உள்ளே விட்டே கொள்ளளவைக் கூறுவதைக் கண்டு ஐயுற்றார். 1615இல் பீப்பாய்களின் கனவளவை ஆராயும் நூலை வெளியிட்டார். 1635இல் கவலியேரி பரப்பைக் கோடுகளின் தொகுதியாகக் கொண்டார். 1675 ஒக்டோபர் 29இல் லைப்னிற்ஸ், கூட்டுத்தொகை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் முதலெழுத்தை நீட்டித் தொகையீட்டுக் குறியாக்கினார். இன்று மாணவர் எழுதும் அக்குறி, 'கீலங்களைக் கூட்டு' என்றே பணிக்கின்றது.

ஒரு கணக்கை நோக்குவோம். கிடையச்சின் ஒவ்வோர் எண்ணிலும் அதே எண்ணை உயரமாகக் குறித்தால் நேர்கோடு; அதன் வர்க்கத்தைக் குறித்தால் பரவளைவு. இரண்டும் 0இலும் 1இலும் சந்திக்கும். இடையில் நேர்கோடே மேலே. ஒரு கீலத்தின் உயரம், எண்ணுக்கும் அதன் வர்க்கத்துக்குமுள்ள வித்தியாசம். 0 முதல் 1 வரை தொகையிட்டால் 1/2இலிருந்து 1/3 போக, 1/6. ஆர்க்கிமிடீசின் முக்கோணமோ 1/2இல் பரவளைவைத் தொடும் உச்சியுடையது. அதன் பரப்பு 1/8. அதன் 4/3 மடங்கும் 1/6!

எல்லையை 1இலிருந்து 2க்கு நீட்டினால் 1க்கு அப்பால் பரவளைவு மேலேறிவிடும். சூத்திரத்தை மட்டும் மனனஞ் செய்த மாணவர் அவ்விடத்திற் பிழைப்பர். கீலத்தை வரைந்து பார்த்தவர் பிழையார். விடையைத் தந்து வழியை மறைக்கும் வகுப்பறை, அத்தோலேட்டைச் சுரண்டிய கையின் வேலையையே செய்கின்றது. வழி மக்களின் பொதுச்சொத்து. அதனைக் கையளிப்பதே ஆசிரியப்பணி என்பது நம் துணிபு.