தேனீயிடம் கேள்வி கேட்ட பள்ளி ஆசிரியர்

சார்லஸ் ஹென்றி டர்னர் 1907இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றார். எறும்புகள் எப்படிக் கூடு திரும்புகின்றன என்பது ஆய்வு. அடுத்த ஆண்டு அவர் போய்ச் சேர்ந்த இடம், செயின்ட் லூயிஸ் நகரில் கறுப்பின மாணவர்கள் படித்த சம்னர் உயர்நிலைப் பள்ளி. வெள்ளையர் பல்கலைக்கழகம் எதிலும் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 'தகுதி' பற்றி நமக்குப் பாடம் எடுப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கட்டும்.

ஆய்வுக்கூடம் இல்லாதவருக்குப் பூங்கா இருந்தது. தேன் வைத்த வண்ண வட்டுகளுக்குத் தேனீக்களைப் பழக்கினார். பிறகு அதே நிறத்தில் தேனில்லாத வட்டுகளை வைத்தார். தேனீக்கள் அவற்றுக்கும் வந்தன. வாசனை மட்டும் அவற்றை இழுக்கவில்லை, நிறத்தையும் பார்க்கின்றன என்று 1910இல் எழுதினார். மறு ஆண்டு, வடிவங்களையும் பிரித்தறிகின்றன என்றார். கரப்பான்பூச்சிகூட அனுபவத்தில் கற்கும் என்று காட்டினார். பூச்சியை வெறும் எந்திரமாகப் பலர் கருதிய காலம் அது. பூச்சிக்கும் கற்கும் திறன் உண்டு என்று நிறுவியவரின் மாணவர்களுக்கோ, நிறத்தைக் காட்டித் தனிப் பள்ளி ஒதுக்கியிருந்தார்கள்.

1922 வரை அங்கேயே கற்பித்தார். 1923இல் இறந்தபோது அவர் வெளியிட்டிருந்த ஆய்வுக் கட்டுரைகள் 70ஐத் தொட்டிருந்தன. அவற்றில் பல, பள்ளி மணி அடித்த பிறகு எழுதியவை.