புதையல் வேட்டையும் ஏற்காட்டுத் துரையும்

பேரன் பேத்தி உள்ள வீடுகளில் இண்டியானா ஜோன்ஸ் என்ற பெயர் தெரிந்திருக்கும். தலையில் தொப்பி, கையில் சாட்டை, பிழைப்புக்குக் கல்லூரியில் தொல்லியல் பாடம். 1984-ல் வந்த ஒரு ஜோன்ஸ் படத்தின் கதை இந்தியாவில் நடக்கிறது. வெளிப்புறக் காட்சிகளைப் படம் பிடித்ததோ பெரும்பாலும் இலங்கையில், கண்டிப் பக்கம்.

அவரை வைத்து 1992-ல் லூகாஸ் ஆர்ட்ஸ் கம்பெனி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வெளியிட்டது. பெயர் 'ஃபேட் ஆஃப் அட்லாண்டிஸ்'. என் மகன் கல்லூரியில் படித்தபோது விடிய விடிய ஆடுவான். நானும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். சண்டை குறைவு, யோசனை அதிகம். திரையின் அடியில் ஒன்பது ஏவல் சொற்கள் இருக்கும்: கொடு, எடு, பயன்படுத்து, திற, மூடு, பார், பேசு, தள்ளு, இழு. சொல்லை மவுஸால் தொட்டு, பிறகு பொருளைத் தொட வேண்டும். கதை நடப்பது 1939-ல். பிளேட்டோ எழுதித் தொலைந்துபோன நூல் ஒன்றை வைத்துக்கொண்டு, கடலில் மூழ்கிய அட்லாண்டிஸைத் தேடிப் போகிறார் ஜோன்ஸ். ஜெர்மன் நாஜிகளும் விடாமல் பின்தொடர்கிறார்கள். நல்ல விளையாட்டு, இன்றைக்கும் விலைக்குக் கிடைக்கிறது.

அந்த 'எடு'தான் எனக்கு இடித்தது. கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார் மனிதர். எந்த இடத்தில் கிடந்தது, எவ்வளவு ஆழத்தில், பக்கத்தில் என்ன இருந்தது என்று ஒரு வரிகூடக் குறித்துக்கொள்வதில்லை. விளையாட்டில் அதனால் நஷ்டமில்லை. நம் பக்கத்து மண்ணில் நஷ்டம் உண்டு.

நம் சேலத்துக்கு மேலே, ஏற்காட்டில், நேர் எதிரான ஒருவர் வாழ்ந்தார். ராபர்ட் புரூஸ் ஃபூட். 1858-ல் இந்திய நிலவியல் துறையில் சேர்ந்தவர். 1863 மே 30-ம் தேதி சென்னைக்கு அருகே பல்லாவரத்தில், சரளை மண்ணில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதன் கையால் செதுக்கிய கற்கோடரி அது. இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்று உலகம் ஒப்புக்கொண்டதற்கு அந்தக் கல்லே தொடக்கம். அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்தார்.

ஓய்வுக்குப் பின் அவர் ஏற்காட்டில் வீடு அமைத்துக்கொண்டார். சேர்வராயன் மலையில் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகள் கிடைக்கும். மலை ஊர்களில் அவற்றைக் கொண்டுபோய்ச் சாமி கல்லாகப் பிள்ளையார் கோயிலில் வைத்துக் கும்பிடுவதும் உண்டு. கும்பிடுகிற கல்லை யாரும் உடைக்க மாட்டார்கள், அந்த மட்டில் அது நல்ல காப்புத்தான். ஃபூட் சேர்த்தவற்றில் தங்கம் இல்லை. கல்லும் பானை ஓடும்தான். ஆனால் எது எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதி வைத்தார். அந்தத் தொகுப்பை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. அவர் 1912 டிசம்பரில் கல்கத்தாவில் காலமானார். விரிவான பட்டியல் அச்சேறியது அதற்குப் பிறகு, 1914-லும் 1916-லும்.

ஊர்ப் பெயரை எழுதி வைத்ததற்குப் பலன் 100 ஆண்டுக்கும் மேல் கழித்து வந்தது. சாந்தி பப்பு என்ற ஆய்வாளர் அதே அத்திரம்பாக்கத்தில் மறுபடி தோண்டினார். அங்குள்ள கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் வெளியிட்டார். ஃபூட் 'எடுத்து'ப் பைக்குள் போட்டுக்கொண்டு போயிருந்தால் எங்கே போய்த் தோண்டுவது?

மேட்டூர் பக்கம் வாருங்கள். மாங்காடு, தெலுங்கனூர் என்ற ஊர்களின் பழைய ஈமக்குழிகளில் வாள் உட்பட இரும்புப் பொருள்கள் கிடைத்தன. மாங்காட்டு இரும்பின் காலம் கி.மு. 1500-ஐ ஒட்டியது என்று ஆய்வில் தெரிந்தது. தமிழ்நாட்டு இரும்பின் பழமை பற்றி 2025 ஜனவரியில் அரசு வெளியிட்ட அறிக்கையில் நம் ஜில்லாவின் இந்த இரண்டு ஊர்களும் இருக்கின்றன. பானைக்குள் பொன் இருக்கும் என்று கடப்பாரையோடு வருகிறவன் முதலில் தூக்கி எறிவது இந்தத் துருப்பிடித்த இரும்பைத்தான். பாண்டவர் குழி என்று ஊரில் சொல்லும் கல்வட்டங்களும், ஏரிக்கரை நடுகற்களும் இப்படிப் பெயர்க்கப்பட்டுக் கிடப்பதை நடந்து போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். போதாக்குறைக்கு அரிசியை இழுக்கும் இருடியம் கலசம் என்று ஒரு மோசடி. ஓய்வூதியப் பணத்தை அதில் விட்டவர்களும் உண்டு.

வருவாய்த் துறையில் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். புதையல் கிடைத்தால் சர்க்கார் மொத்தமாகப் பிடுங்கிக்கொள்ளும் என்று பயந்துதான் பலர் இரவோடு இரவாக உருக்கிவிடுகிறார்கள். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணுக்குள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரிமை கோர யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் கண்டவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்வதானால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. பயப்பட வேண்டியது மறைப்பதற்குத்தான்.

கிணறு வெட்டும்போதோ வரப்பைச் சமன் செய்யும்போதோ தாழி தட்டுப்பட்டால் ஜேசிபியை நிறுத்தச் சொல்லுங்கள். தொட வேண்டாம், கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லி அனுப்பினால் போதும். செல்போனில் ஒரு படம் எடுத்து, சர்வே எண்ணையும் குறித்து வைத்தால் இன்னும் நல்லது.

ஏற்காடு போகிறவர்கள் ஏரியில் படகு விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். ஃபூட்டின் நினைவுக்கல் அங்கேதான் இருக்கிறது.