எழுதுகருவிகளும் தமிழும்: தருமபுரி வட்டாரம்

எழுதப்படும் பொருளும் எழுதும் கருவியும் மாறும்போதெல்லாம் தமிழின் எழுத்துவடிவும் சொல்லாட்சியும் தொடரமைப்பும் மாறியிருக்கின்றன. கல்லில் தொடங்கிக் கைப்பேசிவரை வந்துள்ள இந்த வரலாற்றைப் பார்ப்பதற்குத் தருமபுரி நல்ல இடம். சங்க காலத்தில் தகடூர் என்ற பெயருடன் அதியமான்களின் தலைநகராக இருந்த ஊர் இது. 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இக்கட்டுரை பேசும் காலத்தின் பெரும்பகுதியில் இந்த எல்லைகள் இல்லை என்பதால் ‘வட்டாரம்’ என்ற சொல் இங்கே சற்று விரிந்த பொருளில் வருகிறது.

வட்டாரத்தின் மிகப் பழைய எழுத்துச் செல்வம் நடுகற்கள். ஆநிரை கவர்ந்தவரோடு பொருதோ, ஊரைக் காத்தோ இறந்த வீரனுக்கு நட்ட கற்கள் அவை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் பல கற்கள் திரட்டி வைக்கப்பட்டுள்ளன. இன்னும் பல, வயலோரங்களில் வழிபாட்டில் இருக்கின்றன. பழைய கற்களில் பெரும்பாலானவை வட்டெழுத்தில் அமைந்தவை. அரசனின் ஆட்சியாண்டு, வீரன் யாருடைய சேவகன், எந்த மாட்டு மந்தைக்காக எப்போது விழுந்தான் என்ற செய்திகள் நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும். கல்லில் இடம் குறைவு, உளி அடிப்பதற்கோ கூலி. அதனால் அடைமொழி இல்லை, வருணனை இல்லை. இலக்கியத் தமிழைவிட அக்காலப் பேச்சுக்கு இந்தக் கல்லெழுத்து நெருங்கி நிற்கிறது என்பதால், மொழி வரலாறு எழுதுவோர் இதைக் கூடுதல் மதிப்போடு படிக்க வேண்டும். நுளம்பரும் கங்கரும் ஆண்ட எல்லைநிலம் ஆகையால் கன்னடக் கல்வெட்டுகளும் இங்கு உண்டு. சோழராட்சி பரவியபின் வட்டெழுத்து பின்வாங்கி, இன்றைய தமிழெழுத்தின் முன்னோடி வடிவம் அதன் இடத்தைப் பிடித்தது.

ஓலை வேறொரு மாற்றத்தைச் செய்தது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஏடு பொத்தலாகும் என்பதால் ஏடெழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர் என்பர். எகர ஒகரங்களின் குறில், நெடில் வேறுபாட்டைக் காட்டியதும் அந்தப் புள்ளிதான். ஆகவே ஓலையில் எ எது, ஏ எது என்பது படிப்பவரின் அறிவுக்கே விடப்பட்டது. ரகரமும் காலும்கூட ஒன்றுபோலவே இருந்தன. இக்குழப்பத்தைத் தீர்க்கக் கொம்பைச் சுழித்து நெடிலைக் காட்டும் முறையை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வகுத்தார். அதை நிலைநிறுத்தியது அச்சு. அச்சு அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. இந்தியாவில் தமிழெழுத்தில் அச்சான முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’, 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் முயற்சியால் புதிய ஏற்பாடு 1715இல் முழுமையாக அச்சேறியது. ஈய அச்செழுத்தில் புள்ளி வைப்பதற்கு ஓலை கிழியும் அச்சமில்லை. சொற்களுக்கிடையே இடைவெளி, நிறுத்தற்குறிகள், பத்தி ஆகியவை தமிழ் உரைநடைக்கு வந்து நிலைத்ததும் அச்சால்தான்.

ஆங்கிலமும் இதே வழியில் மாறிய மொழிதான். 1476இல் இங்கிலாந்துக்கு அச்சுப்பொறி வந்தபோது ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து வந்த அச்செழுத்துகளில் ‘தார்ன்’ என்ற பழைய ஆங்கில எழுத்து இல்லை. அச்சிடுவோர் அதற்கு ஈடாக வேறெழுத்தை வைத்தனர். பின்னர் அந்த எழுத்தே ஆங்கிலத்திலிருந்து மறைந்துபோயிற்று.

தருமபுரிக்கு ஆங்கில ஆட்சி வந்தது வரிக்கணக்கோடு. 1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி, தருமபுரி அடங்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை விதித்தார்கள். மன்றோ தருமபுரியிலேயே தங்கியிருந்தார். தாசில்தார், ஜமாபந்தி, பட்டா முதலிய சொற்கள் கணக்கேடு வழியாக உழவர் வாயில் நிலைபெற்றன. வேற்றுமொழிச் சொல் வந்து குடியேறுவதற்கு அரசுக் காகிதம் போதும், பள்ளிக்கூடம் வேண்டியதில்லை.

வேற்றுமொழிச் சொற்கள் இப்படிக் குடியேறுவதற்கு எதிர்ப்பும் இந்த வட்டாரத்தோடு தொடர்புடையவர்களிடமிருந்து வந்தது. சுப்பிரமணிய சிவா தம் ‘ஞானபானு’ இதழில் 1915இல், வடசொல் கலவாத தமிழில் கட்டுரை எழுதுவோருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியதாகக் கொள்ளப்படும் 1916க்கு முந்தைய முயற்சி இது. சிறையில் தொற்றிய தொழுநோயோடு ஊர் ஊராய் நடந்த சிவா, இவ்வட்டாரத்துப் பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து, 1925 ஜூலை 23 அன்று அங்கேயே மறைந்தார். விடுதலைப் போராளி என்று அவரைப் போற்றுவோர் இந்த மொழிப்பணியை நினைவுகூர்வது குறைவு; இதழ் என்னும் ஊடகத்தால் எழுத்துநடையைத் திருத்த முடியும் என்று முதலில் நம்பியவர்களில் அவரும் ஒருவர். 1916இல் ராஜாஜி முதலானோர் சேலத்தில் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கி அறிவியல் கலைச்சொற்களை ஆக்க முனைந்தனர். தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தின் பகுதி.

செய்தித்தாள் வாக்கியத்தைச் சுருக்கியது. 1942இல் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிய வேண்டும் என்று சிறு வாக்கியங்களை வற்புறுத்தினார். வானொலி அதற்கும் ஒருபடி மேலே போய், படிக்காதவரிடமும் பொதுத்தமிழைக் கொண்டுசேர்த்தது. தஞ்சைப் பகுதியில் வானொலி வழியே பரவிய ஏ.டி.டி. 27 நெல்லுக்கு உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். தருமபுரியில் இப்போது அகில இந்திய வானொலியின் பண்பலை நிலையம் இருக்கிறது.

எழுத்துவடிவத்தில் அரசு நேரடியாகக் கைவைத்தது 1978இல். ணா, றா, னா ஆகியவற்றுக்கும் அவற்றின் ஒகர ஓகார வரிசைக்கும், துதிக்கை போல் வளைந்த ணை, லை, ளை, னைக்கும் தனித்தனி அச்சுகள் தேவைப்பட்டன. அவற்றைக் குறைக்க 1935இலேயே பெரியார் தம் ‘குடிஅரசு’ இதழில் புதிய வடிவங்களைக் கையாண்டார். எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபர் 19 அன்று பிறப்பித்த ஆணையில் அவற்றில் 13 எழுத்துகளை ஏற்றது. ஐ, ஔ பற்றிய பெரியாரின் பரிந்துரையை ஏற்கவில்லை. ஒரு தலைமுறைக்குள் பழைய வடிவங்கள் பள்ளிப் புத்தகங்களிலிருந்து மறைந்தன. அச்சுக்கூடத்தின் வசதிக்காகச் செய்த இந்த மாற்றம் பிற்காலக் கணினிக்கும் உதவியது என்பது அதன் பெரும்பயன்.

தட்டச்சுப்பொறியின் சிக்கல் இன்னும் கடினமானது: 247 எழுத்துகள், ஐம்பதுக்கும் குறைவான விசைகள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா, அழுத்தினாலும் தாளை நகர்த்தாத விசைகளை அமைத்து இதைத் தீர்த்தார். புள்ளியை முதலில் அடித்துப் பிறகு மெய்யை அடிக்க வேண்டும். ‘கொ’ என்பதில் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசை. அரசுத் தட்டச்சுத் தேர்வின் லோயர், ஹையர் நிலைகளைத் தமிழில் எழுதுகிறவர்கள் இன்றும் இந்த வரிசையில்தான் விரலைப் பழக்குகிறார்கள். கணினியோ ககரத்தை முதலில் கேட்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை, ஒலியின் ஒழுங்கைப் பின்பற்றிப் புள்ளியைத் தானே வைத்துக்கொள்கிறது. எழுதுவதற்கு அதுவே எளிது. ஆனால் முன்பே பழகிய விரல்கள் அதற்கு மாறவில்லை. டிடிபி கடைகளில் பாமினி போன்ற எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீட்டில் இயங்கியதால், ஓரிடத்தில் அடித்த கோப்பு இன்னோரிடத்தில் படிக்க முடியாத குறிகளாகத் திறந்தது. யூனிகோடு தமிழுக்கு 1991இலேயே இடம் ஒதுக்கியிருந்தும், தமிழக அரசு அதை முறையாக ஏற்றது 2010இல்.

இந்த இடைவெளியில்தான் கைப்பேசி வந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும் வழக்கத்தை இளையோரின் அக்கறையின்மை என்று பழிப்பவர்கள் குறுஞ்செய்தியின் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு செய்திக்கு 140 பைட் இடம். ஆங்கில எழுத்தில் அது 160 குறிகளைக் கொள்ளும். யூனிகோடில் 70 குறிகள் மட்டுமே. ‘தருமபுரி’ என்ற ஐந்தெழுத்துக்கு எட்டுக் குறிகள் ஆகின்றன. தமிழில் எழுதியவர் ஒரே சேதிக்கு இரண்டு மூன்று செய்திகளின் காசு கொடுக்க வேண்டியிருந்தது. பெறுபவரின் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வெறும் கட்டங்கள் தெரிந்தன. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005இல் வந்தும், எல்லாக் கருவிகளிலும் தமிழ் இயல்பாகத் தெரியப் பல ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் பழக்கம் ஊறிவிட்டது. ல, ள, ழ வேறுபாடும் ந, ன, ண வேறுபாடும் அந்த எழுத்தில் தேய்ந்தன. ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்காமல் அப்படியே இடுவது எளிதாயிற்று. குறை கருவியைத் தந்தவர்களுடையது, எழுதியவர்களுடையது அன்று.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி: 68.54 விழுக்காடு. ஆகவே இங்கு எழுத்தைவிடக் குரல் பெரிய மாற்றத்தைக் கொண்டுவருகிறது. கூகுள் 2017இல் தமிழ்க் குரல் தட்டச்சைத் தந்தது. பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போனவர் வீட்டுக்கு அனுப்பும் குரற்பதிவுக்கு எழுத்துக்கூட்டத் தெரிய வேண்டியதில்லை. குரல் தட்டச்சால் பேச்சுத் தமிழ் திரையிலும் எழுத்தாக மாறத் தொடங்கியிருக்கிறது. ஆனால் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாய் உள்ள குடும்பங்கள் நிறைந்த எல்லை மாவட்டத்தில், ஒரே மூச்சில் இரு மொழி பேசுவோரின் தமிழையும் பொறி சரியாகக் கேட்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு, இந்தியாவின் 22 மொழிகளில் மக்களின் இயல்பான பேச்சை மாவட்டவாரியாகத் திரட்டிவருகிறது. பெண்ணாகரத்துச் சந்தையிலும் அரூர் மலையோரத்திலும் பேசப்படும் தமிழ் இத்தகைய தொகுப்புகளில் எவ்வளவு சேர்கிறது என்பதைப் பொறுத்தே, நாளைய பொறிகள் இந்த மக்களின் சொல்லை அவர்கள் சொன்னபடியே எழுதும்.