மின்கட்டணமும் உழவர் அரசியலும்: தமிழக விவசாயிகள் சங்கத்தின் எழுச்சியும் சரிவும்

முன்னுரை

1955 சனவரியில் சென்னைக்கு மேற்கே ஆவடியில் கூடிய இந்திய தேசிய காங்கிரசு மாநாடு, சமதர்மப் பாங்கிலான சமுதாயத்தைத் தன் இலக்காக அறிவித்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் கனரகத் தொழில்களுக்கு முதன்மை தந்தது. அதன் தடத்தை அவ்வட்டாரத்திலேயே காணலாம். ஏரிப்பாசன ஊர்கள் சூழ்ந்த ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் 1960களில் அமைந்தன. இவ்வளர்ச்சிப் பாதையில் உழவுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்ற குரல் தமிழகத்தில் வலுவாக எழுந்த இடம் கோவை. அக்குரலுக்கு அமைப்பு வடிவம் தந்த தமிழக விவசாயிகள் சங்கம், அரசைப் பணியவைக்கும் ஆற்றல் பெற்றிருந்தும் தேர்தல் அரசியலில் நிலைபெறாதது ஏன் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கிணறும் மின்சாரமும்

கோவை மழைமறைவுப் பகுதியாகும். ஆற்றுப்பாசனம் குறைந்த அங்கு வேளாண்மை ஆழ்கிணறுகளை நம்பியிருந்தது. எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்துவந்த நிலை, 1930களில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் படிப்படியாக மாறியது. மின்மோட்டார் பரவப் பரவ, மின்கட்டணம் உழவரின் செலவுக் கணக்கில் நிலையான இடம் பெற்றது. விளைபொருளின் விலையைப் பெரும்பாலும் சந்தை முடிவுசெய்தது. மின்கட்டணத்தை அரசு முடிவுசெய்தது. எனவே கட்டண உயர்வு, சிதறிக் கிடந்த உழவர் அனைவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எதிர்த்தரப்பை அடையாளம் காட்டியது. இச்சூழலில் 1966இல் கோவை வட்டாரத்தில் தோன்றிய சங்கம், வையம்பாளையம் சி. நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் வளர்ந்து, 1973இல் மாநில அமைப்பாயிற்று.

போராட்டக் காலம்

1970இல் யூனிட்டுக்கு 8 பைசாவாக இருந்த கட்டணம் 10 பைசாவாக உயர்த்தப்பட்டது. அதனை எதிர்த்த போராட்டத்தின்போது சூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 3 உழவர்கள் உயிரிழந்தனர். அதன்பின் கட்டணம் 1 பைசா குறைக்கப்பட்டது. 1972இல் கட்டணம் மீண்டும் உயர்ந்தபோது மாட்டுவண்டிகள் கோவை நகரச் சாலைகளை நிறைத்துப் போக்குவரத்தை முடக்கின. நகருக்குச் செல்லும் பாலும் காய்கறியும் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டு சூலை 5 அன்று நடந்த துப்பாக்கிச்சூடுகளில் பலர் உயிரிழந்தனர். அந்நாள் இன்றும் உழவர் தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகிறது.

தி.மு.க. ஆட்சியில் தொடங்கிய மோதல் அ.தி.மு.க. ஆட்சியிலும் தொடர்ந்தது. 1978இல் வேடசந்தூரிலும் 1980இல் குறிஞ்சாக்குளத்திலும் உழவர்கள் சுடப்பட்டனர். கடன் தள்ளுபடி, கட்டுப்படியாகும் விலை ஆகிய கோரிக்கைகள் இக்கட்டத்தில் முன்னிலை பெற்றன. எக்கட்சியையும் சாராமை சங்கத்தின் பெருவலிமையாக விளங்கியது. வெவ்வேறு கட்சிகளுக்கு வாக்களித்தவர்கள் உழவர் என்ற ஒரே அடையாளத்தில் அங்கு ஒன்றுகூட முடிந்தது.

கட்சியாதலும் சரிவும்

1982இல் நாராயணசாமி நாயுடு, உழவரையும் உழைப்பாளரையும் பெயரில் இணைத்த அரசியல் கட்சியொன்றைத் தொடங்கினார். இரு பிரிவினரையும் பெயரில் இணைப்பது எளிது. நலன்களால் இணைப்பது அரிது. சங்கத்தின் மையக் கோரிக்கை கிணறும் மோட்டாரும் உடையவரின் கோரிக்கை. நிலமற்ற கூலித் தொழிலாளருக்கு அதில் நேரடிப் பயன் இல்லை. கூலி உயர்வு கேட்ட தொழிலாளரின் போராட்டப் பின்னணியில் 1968இல் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். நிலவுடைமையாளரும் தொழிலாளரும் ஒரே கிராமத்தின் ஒரே நலன் உடையவர் என்ற கருத்தைத் தஞ்சைப் பகுதியின் இந்த அனுபவம் முன்னரே கேள்விக்குள்ளாக்கியிருந்தது. மேலும், கட்சியாகியதும் சார்பின்மை என்னும் பழைய வலிமையும் கைநழுவியது. போராட்டத்தில் உடன்நின்றவர்கள் தேர்தலில் தத்தம் பழைய கட்சிகளுக்கே திரும்பினர்.

1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு உழவர்களுக்கு இலவச மின்சாரம் அளித்தது. அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று நாராயணசாமி நாயுடு காலமானார். பின்னர் இயக்கம் பல பிரிவுகளாகச் சிதறியது. 1989இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவச மின்சாரத்தை அனைத்து உழவர்களுக்கும் விரிவாக்கியது. இவ்வாறு சங்கத்தின் கோரிக்கை ஆளும் கட்சிகளின் நலத்திட்டமாயிற்று. அமெரிக்காவில் 1892இல் தேர்தல் களம் கண்ட மக்கள் கட்சியின் முதன்மைக் கோரிக்கையை 1896இல் சனநாயகக் கட்சி தனதாக்கிக்கொண்டதும் அதன் சரிவுக்கு வழிவகுத்தது. இது இங்கு ஒப்புநோக்கத் தக்கது.

முடிவுரை

தமிழக விவசாயிகள் சங்கத்தின் சரிவை முழுத் தோல்வியாகக் கொள்வது பொருந்தாது. அது கோரியவற்றுள் முதன்மையானது நிறைவேறியது. ஆனால் அக்கோரிக்கையே அதன் எல்லையாகவும் அமைந்தது. மின்கட்டணத்தால் ஒன்றுபட்டவர்களை, கட்டணம் நீங்கிய பின் பிணைத்து வைக்கப் பொதுவான வேறொரு நலன் உருவாகவில்லை. கட்டுப்படியாகும் விலை என்ற பரந்த கோரிக்கை நிறைவேறாமலே நின்றது. உழவர் உரிமையாகப் போராடிப் பெற்ற ஒன்று, அரசு வழங்கும் சலுகையாகப் பொதுநினைவில் மாறிவிட்டதே இவ்வியக்கம் அடைந்த பேரிழப்பு எனலாம்.