முன்மொழிபவரின் கையொப்பம்

வாக்கு இரகசியமானது, வேட்புமனுவில் முன்மொழிபவர் இடும் கையொப்பமோ ஊரறிய இடப்படுவது. சட்டமன்றத் தேர்தலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும்; சுயேச்சைக்கு அத்தொகுதி வாக்காளர்கள் 10 பேர் தேவை. ஊராட்சித் தேர்தலிலும் முன்மொழிபவர் இன்றி மனு இல்லை.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் மனு தாக்கலே தடுக்கப்பட்டது. மீறித் தேர்வானோர் பதவி விலக வைக்கப்பட்டனர். 2006இல்தான் நிலை மாறியது.

சட்டமன்றத்திற்கு ஒருவர் 4 மனுக்கள் வரை அளிக்கலாம். வெவ்வேறு முன்மொழிபவர்களைக் கொண்டு அவற்றை நிரப்பினால், ஒரு கையொப்பம் செல்லாதெனினும் மற்றொரு மனு நிற்கும். வாக்காளர் பட்டியலின் வரிசை எண்ணைச் சரிபார்ப்பதோடு நம் பணி முடிவதில்லை. கையொப்பமிட்டவரைத் தேர்தலுக்குப் பின்னும் காப்பது நம் பொறுப்பு.