சொந்தக் காரைப் பழுதுபார்க்கச் சரியான கையேட்டைத் தேர்வு செய்வது எப்படி?

புது தில்லி: கார் வாங்கும்போது கிடைக்கும் உரிமையாளர் கையேடு, டயர் மாற்றுதல், ஃபியூஸ் மாற்றுதல், எஞ்சின் ஆயில் அளவு பார்த்தல் போன்ற எளிய பணிகளோடு நின்றுவிடுகிறது. பிரேக், சஸ்பென்ஷன், எஞ்சின் ஆகியவற்றில் தாமே வேலை செய்ய விரும்புவோருக்குப் பணிமனைக் கையேடு தேவை. பொருந்தாத கையேட்டைப் பின்பற்றினால் பணம் வீணாவதுடன் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

எத்தனை வகை?

கார் தயாரிப்பு நிறுவனம் தனது மெக்கானிக்குகளுக்காக வெளியிடுவது பணிமனைக் கையேடு. இதில் முழு விவரங்களும் வயரிங் வரைபடங்களும் இருக்கும். ஆனால் அடிப்படைத் தொழிலறிவும் சிறப்புக் கருவிகளும் உள்ளவர்களை மனதில் கொண்டு எழுதப்பட்டிருக்கும். உதிரிபாகப் பட்டியல் என்பது வேறு. பாகங்களின் எண்களையும் அவை அமைந்திருக்கும் வரிசையையும் அது காட்டுமே தவிர, வேலை செய்யும் முறையைக் கூறாது.

மூன்றாவது வகை, தனியார் பதிப்பகங்கள் பொதுமக்களுக்காக வெளியிடுபவை. பிரிட்டனில் ஜான் ஹேன்ஸ் 1960-இல் தொடங்கிய நிறுவனம் இதில் புகழ்பெற்றது. ஒரு காரை முழுவதுமாகப் பிரித்து, மீண்டும் பூட்டி, அந்த அனுபவத்தின் அடிப்படையில் கையேடு தயாரிப்பது அதன் வழக்கம். புதிய வாகனங்களுக்கான அச்சுக் கையேடுகளை நிறுத்துவதாக 2020-இல் அந்நிறுவனம் அறிவித்தது.

பெயர் ஒன்று, எஞ்சின் வேறு

காரின் பெயரை மட்டும் பார்த்துக் கையேடு வாங்கக் கூடாது. இந்தியாவில் 2005-இல் 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுடன் அறிமுகமான மாருதி ஸ்விஃப்ட், பின்னர் 1.3 லிட்டர் டீசல், 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்களுடன் வந்தது. 2024-இல் மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு மாறியது. ஒன்றுக்கான கையேடு மற்றொன்றுக்கு உதவாது. எனவே பதிவுச் சான்றில் உள்ள உற்பத்தி ஆண்டு, எரிபொருள் வகை, சேஸிஸ் எண், எஞ்சின் எண் ஆகியவற்றைக் கையேட்டின் முதல் பக்கங்களுடன் ஒப்பிட வேண்டும்.

மாசு உமிழ்வு விதியும் முக்கியம். நாடு முழுவதும் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தது. புகைக்கரி வடிகட்டி பொருத்தப்பட்ட பி.எஸ்.6 டீசல் கார்களுக்குச் சாம்பல் குறைவாக உண்டாக்கும் எஞ்சின் ஆயில் தேவை. பழைய பி.எஸ்.4 கையேட்டைப் பார்த்து ஆயில் ஊற்றினால் வடிகட்டி நாளடைவில் அடைபடும்.

வெளிநாட்டுக் கையேடுகளில் அலகுகளையும் கவனிக்க வேண்டும். முறுக்குவிசை சிலவற்றில் நியூட்டன் மீட்டரிலும், சிலவற்றில் பவுண்டு-அடியிலும் தரப்பட்டிருக்கும். 1 பவுண்டு-அடி சுமார் 1.36 நியூட்டன் மீட்டர். 80 பவுண்டு-அடி என்பதை 80 நியூட்டன் மீட்டராகக் கருதினால், போல்ட்டுக்குத் தேவையான இறுக்கத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கே கிடைக்கும்.

வாங்கும் முன் சோதனை

முன்சக்கர பிரேக் பேட் மாற்றும் பகுதியைப் படித்தாலே கையேட்டின் தரம் தெரியும். தேவையான கருவிகள், ஜாக்கியும் தாங்கிகளும் வைக்க வேண்டிய இடங்கள், கழற்றும் வரிசை, முறுக்குவிசை அளவு, தேய்மான வரம்பு, மறுமுறை பயன்படுத்தக் கூடாத போல்ட்டுகள் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். ‘கழற்றியதற்கு எதிர்வரிசையில் பூட்டவும்’ என்று மட்டும் கூறி முடிப்பது போதாது.

அடுத்து, எஞ்சின் ஆயில் கொள்ளளவு, டயர் காற்றழுத்தம் ஆகியவற்றை உரிமையாளர் கையேட்டுடன் ஒப்பிட வேண்டும். இவற்றிலேயே வேறுபாடு இருந்தால், அது வேறு மாடலுக்கானதாக இருக்க வாய்ப்புண்டு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நகல்களில் பக்கங்கள் விடுபட்டிருக்கலாம். எண்கள் தெளிவின்றி இருக்கலாம்.

உரிமையும் சட்டமும்

பழுதுநீக்கத் தகவல்களை நிறுவனங்கள் தம்மிடமே வைத்துக்கொள்வது இந்தியாவில் வழக்காகவும் எழுந்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் கையேடுகளும் வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யுமாறும் உத்தரவிட்டது. இதை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. பின்னர், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-இல் ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியது. அதில் சேர்க்கப்பட்ட நான்கு துறைகளில் வாகனத் துறையும் ஒன்று.

எங்கே நிறுத்த வேண்டும்?

நல்ல கையேடு இருந்தாலும் எல்லா வேலைகளும் வீட்டில் செய்யத்தக்கவை அல்ல. ஏர்பேக், டைமிங் பெல்ட், மின்சார மற்றும் ஹைபிரிட் கார்களில் ஆரஞ்சு நிறத்தில் உள்ள உயர் மின்னழுத்தக் கம்பிகள் ஆகியவற்றைப் பயிற்சி பெற்றவர்களிடமே விட வேண்டும். வாரன்டி காலத்தில் உள்ள கார்களைப் பொறுத்தவரை, வேலையைத் தொடங்கும் முன் வாரன்டி நிபந்தனைகளைப் படித்துக்கொள்வது அவசியம்.